உழைச்செல்வாரும் ஆராய்ச்சியும்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிலிருந்து கொடுப்பவன் என்பன அவை. இந்நான்காமவனை அவர் உழைச்செல்வான் என்று பெயரிட்டழைத்தார். இக்காலத்தில் நாம் தாதியர் என்றும் செவிலியர் என்றும் கூறுவது இவரையே. மருத்துவனுக்கு ஒரு கூறு கொடுத்த புலவர், உழைச்செல்வானுக்கும் குறையாமல் ஒரு கூறு கொடுத்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றையும் நந்நான்காக விரித்தார். உழைச்செல்வானுக்கு அவர் கூறும் இயல்புகள் நான்கு: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொல்லியவற்றை அவ்வாறே செய்யும் வன்மை, அறிவுடைமை. முப்பதாண்டுக் காலம் இவ்வுரையை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பயிற்சி ஆசிரியர்களுக்கும் எடுத்துரைத்திருக்கிறேன். மூன்றாம் இயல்புக்கும் நான்காம் இயல்புக்கும் இடையே ஓர் இழுபறி உண்டென்பது அப்போதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. சொல்லியதைச் செய்வதற்கும் அறிவு வேண்டும் என்பது மெய்யே. ஆனால் அறிவு விழித்துக்கொண்டால் 'சொல்லியது சரிதானா?' என்று கேட்கத் தொடங்கும். அந்தக் கேள்வியே ஆராய்ச்சியின் பிறப்பிடம்.

இதனை எனக்கு உணர்த்தியவர் என் பழைய மாணவி ஒருவர். தகப்பனார் பால்மரம் வெட்டியவர். தாயார் செம்பனைத் தோட்டத்தில் பழம் பொறுக்கியவர். பல்லாண்டு மருத்துவமனையில் தாதியாக இருந்துவிட்டு, இப்போது தாதியர் கல்லூரி ஒன்றில் போதகராக இருக்கிறார். சென்ற விடுமுறையில் அசாம் ஜாவாவில் உள்ள என் வீட்டுக்கு ஒரு கட்டுத் தாளோடு வந்தார்.

"ஐயா, எட்டு மாணவிகளின் ஆய்வுக்கு என்னை மேற்பார்வையாளராகப் போட்டிருக்கிறார்கள். நானே ஒரே ஓர் ஆய்வுதான் செய்திருக்கிறேன். அதுவும் எனக்கு மேலே இருந்தவர் சொன்னபடி செய்தது. கேட்டால், பட்டம் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நீங்கள் பயிற்சி ஆசிரியர்களின் செயலாய்வைப் பார்த்தவர். வழிகாட்டுவது எப்படி என்று சொல்லுங்கள்" என்றார்.

நான் மருத்துவம் அறியாதவன். ஆயினும் அவர் கேட்டது மருத்துவத்தைப் பற்றியது அன்று, கற்பிப்பதைப் பற்றியது. ஆகவே தாள்களை வாங்கிப் பார்த்தேன்.

எட்டுத் தலைப்புகளில் ஏழு ஒரே அச்சில் வார்த்தவை. இன்ன நோயைப் பற்றி இன்ன இடத்தாருக்கு உள்ள அறிவும் மனப்பான்மையும் என்பதே அந்த அச்சு. நோயின் பெயரும் இடத்தின் பெயரும் மட்டும் மாறியிருந்தன. எட்டாவது தாள் வேறு வகை. நீரிழிவு நோயாளிகளின் காலைச் சோதிக்கும்போது 'வலி உண்டா?' என்று படிவம் கேட்கிறது. தமிழ் முதியவர் ஒருவர் 'வலி இல்லை' என்று விடை சொல்லிவிட்டு, சற்று நேரத்தில் 'கால் மதமதவென்று இருக்கிறது, பஞ்சின்மேல் நடக்கிற மாதிரி' என்றாராம். படிவத்தில் 'வலி இல்லை' என்பது மட்டுமே ஏறியது. நம் முதியோர் காலின் நிலையை எந்த எந்தச் சொற்களால் கூறுகின்றனர், அவற்றைப் படிவம் வாங்கிக்கொள்கிறதா என்று அம்மாணவி அறிய விரும்பினாள். அந்தத் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில், 'தலைப்பு வழக்கத்தில் இல்லாதது. மாற்றுக' என்று எழுதியிருந்தது.

"இதை எழுதியது யார்?" என்றேன்.

"நான்தான் ஐயா. இதற்கு எப்படி வழிகாட்டுவது என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பயத்தில் எழுதிவிட்டேன்."

இக்கட்டுரை அந்தச் சிவப்பு மைக் குறிப்பைப் பற்றியது.

என் குற்றமும் உண்டு

அவரைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை. நம் ஆசிரியர் பயிற்சியிலும் செயலாய்வு என்று ஒன்று உண்டு. கர்ட் லெவின் என்னும் உளவியலறிஞர் 1946-இல் அப்பெயரால் ஒரு முறையை எடுத்துரைத்தார். செய்பவனே தன் செயலை ஆராய்ந்து திருத்திக்கொள்வது அதன் உட்பொருள். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த பயிற்சி ஆசிரியை ஒருவர், தம் வகுப்பில் ஒரு சிறுவன் உரக்கப் படிக்கும்போது மட்டும் லகர ளகரத்தைத் தடுமாறாமல் ஒலிப்பதையும், பேசும்போது தடுமாறுவதையும் கண்டு, அதன் காரணத்தை ஆராய விரும்பினார். நல்ல கேள்வி. ஆனால் அதற்கு நான் விடை அறியேன், முறையும் அறியேன். 'மின்னட்டையைப் பயன்படுத்தி லகர ளகரப் பிழையைக் களைதல்' என்று தலைப்பை மாற்றிக் கொடுத்தேன். அவரும் ஏற்றுக்கொண்டார், நல்ல மதிப்பெண்ணும் பெற்றார். அந்தச் சிறுவன் ஏன் அவ்வாறு தடுமாறினான் என்பது இன்றளவும் எனக்குத் தெரியாது. மாணவியின் கேள்வியைப் பறித்துக்கொண்டு எனக்குப் பழக்கமான விடையை அவர் கையில் கொடுத்தனுப்பினேன்.

மேற்பார்வை செய்வோர் பலரும் இப்பிழையைச் செய்கின்றனர். அதற்குக் காரணம் சோம்பலும் அன்று, தீயெண்ணமும் அன்று. தான் அறியாத ஒன்றன்முன் மாணவரோடு சேர்ந்து நிற்கும் துணிவை நமக்கு எவரும் கற்பிக்கவில்லை.

கட்டுப்பாட்டில் வளர்ந்த கல்வி

தாதியர் கல்வியில் இக்குறை இன்னும் ஆழமாக வேரூன்றியதற்குத் தக்க காரணம் உண்டு. மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் உயிர் போகும். ஆகவே, சொல்லியதைச் சொல்லியவாறு செய்தல் அங்கே அறமாகவே போற்றப்படுகிறது. அக்கட்டுப்பாட்டை இகழ்வார் மருத்துவமனையில் ஒரு நாள் படுத்துப் பார்த்தால் தெளிவர். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டில் சிறந்தவரே பின்னர்ப் போதகராகிறார். போதகரே ஆய்வு மேற்பார்வையாளராகிறார். படி ஏற ஏறத் தொழில் மாறுகிறது, பழக்கம் மாறுவதில்லை. மருந்துப் பட்டியலைச் சரிபார்ப்பதுபோலவே ஆய்வேட்டையும் சரிபார்க்கிறார். தலைப்பு உண்டா, நோக்கம் மூன்று உண்டா, வினாப்பட்டியல் உண்டா, விழுக்காடு உண்டா என்று ஒவ்வொன்றாகக் குறியிடுகிறார். எல்லாம் இருந்தால் ஏடு தேறிவிடுகிறது. கேள்வி உண்டா என்பதற்கு அப்பட்டியலில் இடமில்லை.

இந்நிலைக்கு ஒரு வரலாறும் உண்டு. தமிழ்நாட்டில் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் தாதியர் பள்ளியைத் தொடங்கியது 1909-இல். அங்கே தாதியர் பட்டப்படிப்புத் தொடங்கியது 1946-இல். அதே ஆண்டில் டில்லியிலும் தொடங்கிற்று. முதுநிலைப் படிப்பு டில்லியில் 1959-இல் வந்தது. தாதியர் முனைவர் பட்டத்திற்கென நாடு தழுவிய கூட்டமைப்பு ஒன்றை இந்திய நர்சிங் கவுன்சில், பெங்களூர் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அமைத்ததோ 2005-இல்தான். முதற் பட்டப்படிப்புக்கும் இக்கூட்டமைப்புக்கும் இடையே 59 ஆண்டுகள். அதற்கு முன்னரும் முனைவர் பட்டம் பெற்ற தாதியர் உளர். எனினும், தொடர்ந்து ஆராய்வோரின் அருகில் இருந்து பழகும் வாய்ப்பு, கற்பித்தவர்களுள் பெரும்பாலோர்க்குக் கிட்டவில்லை. மலேசியாவிலும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் தாதியர் தொழிலுக்கு வரம்பு வகுத்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்பு வந்தது 1990-களிலேதான். ஆகவே, இன்று மேற்பார்வை செய்யும் தாதியர் போதகர், தமக்குக் கிடையாத ஒன்றைப் பிறர்க்குக் கொடுக்கும்படி பணிக்கப்பட்டவர். அவரைக் குறை கூறுவதற்கு முன் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

நீந்தத் தெரிந்தவர் எல்லாம் நீச்சல் கற்பிக்க வல்லவர் ஆகார். அவ்வாறே ஓர் ஆய்வேடு எழுதியவர் எல்லாம் ஆய்வுக்கு வழிகாட்டிகளாகி விடுவதில்லை. மேற்பார்வை தனித் தொழில். அதற்கும் பயிற்சி வேண்டும்; பயிற்சி கொடுப்பார் வேண்டும்.

வழிகாட்டியவர் இருவர்

அத்தகைய வழிகாட்டல் எப்படியிருக்கும் என்பதற்குத் தாதியர் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கிரிமியப் போரிலிருந்து 1856-இல் நாடு திரும்பிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நாம் விளக்கேந்திய சீமாட்டியாகப் பாடநூலில் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அவர் அதன்பின் செய்த பெரும்பணி எண்களைக் கொண்டு செய்தது. போர்க்களத்தில் புண்பட்டு மாண்டாரைவிட நோயால் மாண்டாரே மிகப் பலர் என்பதை 1858-இல் கணக்கோடும் வரைபடத்தோடும் அரசின்முன் வைத்தார். அதற்குத் துணைநின்றவர் வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியலறிஞர். எண்களை எவ்வாறு தொகுப்பது, எதனோடு எதனை ஒப்பிடுவது என்று அவர் காட்டினார். ஆனால் கேள்வி அம்மையாருடையது. போர்க்கால மருத்துவமனையில் பிணங்களை எண்ணியவர் அவரே. ஃபார் தம் கேள்வியை அவர்மேல் ஏற்றவில்லை. அவருடைய கேள்விக்குத் தம் கருவிகளைக் கொடுத்தார். 1858-இல் இலண்டன் புள்ளியியற் கழகம் முதன்முதலாக ஒரு பெண்மணியை உறுப்பினராக ஏற்றபோது, அவர் நைட்டிங்கேலாக இருந்ததில் வியப்பில்லை.

மற்றோர் எடுத்துக்காட்டு நம் மண்ணைத் தொடுவது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு உண்டென்று இலண்டனில் இருந்த பாட்ரிக் மேன்சன் கருதினார். இந்தியாவில் மருத்துவராக இருந்த ரொனால்டு ராசுக்கு ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதி ஊக்கினார். ஆனால் மேன்சன் கொண்ட கருத்தில் ஒரு பாதி பிழை. கொசு நீரில் விழுந்து சாகிறது, அந்நீரைக் குடிப்பவர்க்கு நோய் வருகிறது என்று அவர் எண்ணியிருந்தார். ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் நோய்க்கிருமியைக் கண்டார். 1898-இல் கல்கத்தாவில் பறவைகளை வைத்துச் சோதித்து, நோய் பரவுவது கடியினால் என்று நிறுவினார். ஆசிரியர் கருத்தின் ஒரு பாதியை மாணவர் வீழ்த்தினார்; ஆசிரியரோ அந்த முடிவைத் தாமே உலகுக்கு எடுத்துரைத்தார். பிற்காலத்தில் இருவரும் மனம் வேறுபட்டனர் என்பது வேறு கதை. தம் கருத்தைத் தோற்கடிக்கவும் மாணவர்க்கு இடங்கொடுத்த வழிகாட்டியாக மேன்சன் நிற்கிறார்.

அந்த அறிவின் பயன் சில ஆண்டுகளிலேயே நம் மாநிலத்துக்கு வந்தது. 1901-இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடித்தும் காட்டை வெட்டியும் கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியாவை ஒடுக்கினார். கரையோரத் தோட்டங்களில் இம்முறை நன்கு பலித்தது. ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் அதே முறையைக் கையாண்டபோது நோய் தணியவில்லை. காரணம், அங்கிருந்த கொசு வேறு. கரையோரச் சதுப்புக் கொசு நிழலை நாடியது. மலையோடைக் கொசுவோ வெயில் படும் தெளிந்த நீரில் பெருகியது. காட்டை வெட்டி ஓடையில் வெயில் விழச் செய்தது அக்கொசுவுக்கு விருந்து வைத்ததாயிற்று. வாட்சன் தம் முறையை நிலத்துக்கேற்ப மாற்றினார். தோட்டத்துப் பிள்ளைகளின் மண்ணீரலைத் தடவிப் பார்த்துப் பார்த்து அவர் கணக்கெடுத்திராவிட்டால் இந்த வேற்றுமை புலப்பட்டிராது. லயத்தில் இருந்த நம் முன்னோர் பலர் பிழைத்தது, ஒருவர் தம் வெற்றியையே ஐயுற்றதனால்.

'சொல்லியன செய்தல்' என்னும் மூன்றாம் இயல்பு மட்டும் இருந்தால் மலையிலும் காட்டை வெட்டிக்கொண்டே இருந்திருப்பர். நான்காம் இயல்பு அங்கே உயிர் காத்தது.

படுக்கையருகில் பிறந்த கேள்வி

'இவர்கள் எல்லாம் பேரறிஞர். மூன்றாமாண்டு படிக்கும் மாணவிக்கு ஆராய்ச்சி எதற்கு?' என்று கேட்பார் உண்டு. மருத்துவமனையில் ஆள் பற்றாக்குறை இருக்கும்போது இக்கேள்வி நியாயமாகவே தோன்றும். இதற்கு விடையாக ஒரு தாதியின் ஆய்வையே காட்டலாம்.

படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியோர்க்குப் படுக்கைப்புண் வரும். அது வாராமல் இருக்க முதுகைச் சவர்க்காரம் இட்டும் சாராயம் தடவியும் தேய்த்து விடுவது மேனாட்டு மருத்துவமனைகளில் நெடுநாள் வழக்கம். இலண்டனில் டோரின் நார்ட்டன் என்னும் தாதி, வேறு இருவரோடு சேர்ந்து, அவ்வழக்கம் மெய்யாகவே பயன் தருகிறதா என்று ஆராய்ந்து 1962-இல் வெளியிட்டார். எந்தத் தைலத்தைத் தடவுகிறோம் என்பதைவிட, நோயாளியைக் குறித்த காலத்தில் புரட்டிப் படுக்கவைத்து உடலின் அழுத்தத்தைக் குறைப்பதே புண்ணைத் தடுக்கிறது என்பது புலனாயிற்று. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, கழிவு அடக்கும் திறன் என்னும் ஐந்தையும் மதிப்பிட்டு, யாருக்குப் புண் வரக்கூடும் என்று முன்கூட்டிக் காணும் அளவுகோலும் அவர் பெயரால் வழங்குகிறது. இக்கேள்வி நூலகத்தில் பிறக்கவில்லை. முதுகைத் தேய்த்துத் தேய்த்துக் களைத்த கையில் பிறந்தது. அதை மருத்துவர் கேட்டிருக்க மாட்டார். தேய்ப்பது அவர் வேலை அன்று. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் அக்கேள்வியைத் தள்ளிவிடாமல் கூட்டாக உழைத்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

மாணவியர் எல்லாரும் நார்ட்டன் ஆகப் போவதில்லை. ஆனால் 'ஏன் இவ்வாறு செய்கிறோம்?' என்று ஒரு முறையேனும் ஒழுங்காகக் கேட்டு, ஒழுங்காக விடை தேடியவர், பின்னாளில் கண்ணை மூடிக்கொண்டு எதையும் செய்யமாட்டார். மாணவர் ஆராய்ச்சியின் பயன் இதுவே. அச்சில் வார்த்த தலைப்பு இப்பயனைத் தருவதில்லை. 'அறுபது விழுக்காட்டினர்க்கு நடுத்தர அறிவு உண்டு' என்று முடியும் ஏட்டினால் எந்த நோயாளி நலம் பெற்றார்? வரிசையில் காத்திருக்கும் நோயாளி நாற்பது வினாவுக்கு விடையெழுதிய அரைமணி நேரம் அவருடையது. அதை வீணாக்குவதற்கு நமக்கு உரிமை இல்லை.

இரு வகை அரிசி

நேரத்தை வீணாக்குவதைவிடப் பெரிய தீங்கும் ஆராய்ச்சியால் விளையலாம். மேற்பார்வையாளர் இதனை மறக்கலாகாது. சான்றுக்குக் கோலாலம்பூரைவிட்டு அப்பால் போக வேண்டியதில்லை.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் பெரிபெரி என்னும் நோய் கொடியதாக இருந்தது. தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளரை அது வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழரைப் பெரும்பாலும் தீண்டவில்லை. பிராடன் என்னும் மருத்துவர் இவ்வேற்றுமையை எடுத்துக்காட்டினார். வில்லியம் பிளெட்சர் என்பார் 1905, 1906-ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இதனைச் சோதித்தார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் மற்றொரு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். இடத்தினால் நோய் வருகிறதோ என்று ஐயுற்று, இடையில் இரு பிரிவாரையும் இடம் மாற்றியும் பார்த்தார். முறை நுட்பமானது, முடிவும் தெளிவானது. தீட்டிய அரிசி உண்ட பிரிவில் நோய் பரவியது. 18 பேர் இறந்தனர். நம் வீட்டுச் சோற்றுப்பானையின் பெருமை இவ்வாறு உலகுக்குத் தெரிந்தது.

ஆனால் அந்தப் பதினெண்மரை யார் கேட்டார்கள்? 'இந்தச் சோதனைக்கு உடன்படுகிறாயா?' என்று கேட்டால் விடை சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. கேட்கும் வழக்கமும் அக்காலத்தில் இல்லை. 1947-இல் நியூரம்பர்க்கு நெறிகளும் 1964-இல் ஹெல்சிங்கி அறிக்கையும் வந்தபின்னரே நோயாளியின் இசைவு இன்றியமையாதது என்பது உலக வழக்காயிற்று. இன்று மலேசியாவிலும் அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெறாமல் மருத்துவமனையில் ஆய்வு தொடங்க இயலாது. நன்று. ஆனால் குழு பார்ப்பது தாளை. மாணவியைப் பார்ப்பவர் மேற்பார்வையாளர் ஒருவரே. வெள்ளுடை அணிந்த மாணவி படிவத்தை நீட்டும்போது, 'மறுத்தால் மருந்து கொடுக்கமாட்டார்களோ' என்று நம் தோட்டத்துப் பாட்டி அஞ்சிக் கைந்நாட்டு வைப்பாள். அந்த அச்சத்தைக் கண்டுகொள்ளவும், 'மறுத்தாலும் ஒன்றும் குறையாது, பாட்டி' என்று மனமார உரைக்கவும் மாணவிக்குப் பழக்குவது யார்? அன்பும் தூய்மையும் என்று பரிமேலழகர் முதலில் வைத்த இரண்டு இயல்புகளும் இங்கேதான் வேண்டப்படுகின்றன.

செய்யத்தக்கன

குறை கூறுவது எளிது. என் மாணவியோடு இரண்டு நாள் பேசி நாங்கள் கண்ட சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, புதிய மேற்பார்வையாளரைத் தனியே விடலாகாது. முதல் ஓராண்டேனும் அனுபவம் உடைய ஒருவரோடு கூட்டாக மாணவியரைக் காண வேண்டும். பயிற்சி ஆசிரியரை முதல் நாளே தனி வகுப்புக்கு நாம் அனுப்புவதில்லை. பின்வரிசையில் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்கிறோம். மேற்பார்வைக்கும் அம்முறை பொருந்தும். பார்க்க வேண்டியது ஆய்வேட்டை மட்டும் அன்று. மாணவி பேசும்போது மூத்தவர் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஓரக் குறிப்புகளை இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும். 'மாற்றுக', 'தவறு', 'விரிவாக்குக' என்பன கட்டளைகள். 'இதை எங்கே கண்டாய்?', 'இதற்கு மாறான நோயாளி ஒருவரேனும் உண்டா?' என்பன வழிகாட்டல்கள். ஒரு மேற்பார்வையாளரின் போக்கை அறிய அவருடைய சிவப்பு மையைப் பார்த்தால் போதும்.

மூன்றாவது, 'எனக்குத் தெரியாது. சேர்ந்து தேடுவோம்' என்று கூறப் பழக வேண்டும். இதனைக் கூறினால் மதிப்புக் குறையும் என்று அஞ்சுகிறோம். தமிழாசிரியர்களாகிய நாம் நன்கறிந்த ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போம். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையரைச் சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அக்காலத்திலேயே பெரும்புலவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். பின்னர் அந்நூலின் பொருளை அறியக் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று கேட்டார். 1887-இல் சிந்தாமணி பதிப்பாக வெளிவந்தது. 'தெரியாது' என்று அன்று அவர் கூறாதிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

நான்காவது கல்லூரிகளைச் சார்ந்தது. எட்டு மாணவிகளையும் வகுப்புகளையும் மருத்துவமனைப் பணியையும் ஒருவர் தலையில் வைத்துவிட்டு அவரிடம் நல்ல மேற்பார்வையை எதிர்பார்ப்பது, ஒற்றைக் காண்டாவில் நாலு தவலைத் தண்ணீரைத் தூக்கச் சொல்வது போன்றது. எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அல்லது மூன்று நான்கு மாணவியர் ஒரே கேள்வியைப் பங்கிட்டு ஆராய இடமளிக்க வேண்டும். மேற்பார்வைக்குச் செலவிடும் நேரம் வேலையாகவே கணக்கில் ஏற வேண்டும்.

தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

இனி, இப்பகுதியைப் படிக்கும் தமிழாசிரியர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆய்வுப் படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்து, மலாய்க்கு வந்து, அதன்பின் ஒருவாறு தமிழுக்கு வருகின்றன. நோயாளியோ தம் உடம்பைத் தமிழில் உணர்கிறார். குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, உளைச்சல், மரத்தல், மதமதப்பு என்று அவர் வேறு வேறாகப் பிரித்துக் கூறுபவை படிவத்தில் 'வலி' என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிடுகின்றன. சில அடங்காமல் வெளியே விழுந்துவிடுகின்றன. மரத்துப்போன காலில் வலி இராது என்பதே அந்நோயின் ஆபத்து. செருப்பில் கிடந்த கல் குத்துவதும் தெரியாமல் நடந்து, புண்ணாகி, காலையே இழந்தவர் நம் தோட்டங்களில் உளர். 'வலி இல்லை' என்னும் விடையைக் கேட்டுப் படிவம் அமைதி கொள்கிறது. மதமதப்பு என்னும் சொல்லைக் கேட்டிருந்தால் விழித்துக்கொண்டிருக்கும்.

அந்தச் சொல்லைக் காதில் வாங்கிய மாணவி, தன் போதகரின் பாடநூலில் இல்லாத ஒன்றைக் கண்டவள். அதனை 'வழக்கத்தில் இல்லாதது' என்று நாம் தள்ளினோம். வழக்கத்தில் இல்லாததாக இருந்தது ஆய்வுத் தலைப்பே. சொல்லோ நம் தாய்மார் வழக்கில் நாள்தோறும் இருப்பது.

என் மாணவி அந்தச் சிவப்புக் குறிப்பை என் வீட்டிலேயே அடித்துவிட்டு, அதன் கீழே, 'இந்தச் சொல்லை இன்னும் எத்தனை பேரிடம் கேட்டாய்? வந்து சொல்' என்று எழுதினார். இப்போது அந்த ஆய்வு அறநெறிக் குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. கேள்விகளைத் தமிழில் அமைக்க நானும் இரண்டு ஆசிரியர்களும் உடனிருந்தோம். ஒருவர் தமிழாக்கியதை, மூலத்தைப் பாராத மற்றொருவர் மீண்டும் ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒத்துப் பார்த்தோம். 'உளைச்சல்' என்னும் ஒரு சொல்லுக்காக ஒரு மாலைப்பொழுது முழுதும் செலவாயிற்று. இப்பணியை எந்த ஊர்த் தமிழாசிரியரும் செய்யலாம். அருகில் உள்ள தாதியர் கல்லூரியாரை நாமே அணுகி, வேண்டும்போது துணைசெய்ய முன்வருவது நம் கடமை.

அந்த ஆய்வின் முடிவு என்னவாகும் என்பதை இப்போதே கூற இயலாது. படிவம் போதும் என்றே முடியவும் கூடும். அதனால் குற்றமில்லை. ஒரு போதகர் தமக்கு விடை தெரியாத கேள்வியை ஒரு மாணவியின் கையிலிருந்து பறிக்காமல் விட்டார். பரிமேலழகர் நான்காவதாக வைத்த இயல்பு அந்தக் கல்லூரியில் ஓர் இடத்தில் உயிர்பெற்றது. அதனை அவருக்குக் கற்றுக்கொடுக்க ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பதும், அந்த ஒருவரை ஒவ்வொரு கல்லூரியும் தேடி அமர்த்த வேண்டும் என்பதும் என் துணிபு.